பாத்திரத்தில் ஆள் தெரியக் கூடாது

அந்தத் தெருவில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். ஸ்டூடியோக்காரர் பெண்டாட்டி என்பதால் ஃப்ளாஷ் வெளிச்சத்தை வைத்து வந்த பெயர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாள் பழகினால் விஷயம் விளங்கிவிடும். மனசில் பட்டதைப் பட்டென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வாங்கிக்கொண்டவருக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது.

அவள் வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் மெகாபிக்சல். டீக்கடையில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், தன் உடம்பை விட்டுவிட்டுக் கேமராவின் உடம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். எந்தக் கம்பெனி புதிதாக என்ன லென்ஸ் விட்டிருக்கிறது, அதற்குள் எத்தனை கண்ணாடி, இருட்டில் எவ்வளவு தூரம் தெரியும், எல்லாம் விரல் நுனியில். கேட்டவர் தப்பிக்க வழி தெரியாமல் டீயை ஊதிக்கொண்டே நிற்பார். படம் என்று வரும்போதுதான் சிக்கல். அவர் எடுத்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை சட்டைப் பொத்தானில் ஓடும் நூலைக்கூட எண்ணலாம். மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பார்.

கடைசியாக மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஒரு பெரிய கேமரா வாங்கினார். ஏறிப்போக வண்டி இல்லை, தூக்கிப்போகக் கேமரா இருந்தது. அதை மெத்தென்ற பைக்குள் வைத்து, பையை அலமாரிக்குள் வைத்து, அலமாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தொட்டுடாதே. கை ஈரம் பட்டா பூஞ்சை புடிச்சுடும்."

"நான் எதுக்குங்க தொடப்போறேன்? எந்த ஊர்லயாவது சக்களத்திக்குத் தலை வாரி விட்டிருக்காங்களா?" என்றாள் பளிச்சக்கா.

வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் இரண்டு பாகம். முன்பக்கம் நாற்காலி, நீலத்திரை, சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே பல் போன சீப்பு. அது மெகாபிக்சலின் ராஜ்யம். நடுவில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அதற்குப் பின்னால் பாத்திரம் கழுவும் தொட்டி, பெரிய ஜன்னல், ஒரு மரமேஜை. அது பளிச்சக்காவின் ராஜ்யம். ஊருக்குத் தெரியாத ஒரு வேலை அங்கேதான் பல வருஷமாக நடந்துவந்தது.

சாலைக் கோடியில் எவர்சில்வர் பாத்திரத் தொழிற்சாலை ஒன்று உண்டு. கடைகளுக்குக் கொடுக்க அவர்கள் வருஷா வருஷம் ஒரு படப் புத்தகம் போடுவார்கள். முதல்முறை பாத்திரங்கள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியபோது மெகாபிக்சல் மூக்கைச் சுளித்தார்.

"வாணலியையும் வாளியையுமா நான் படம் புடிக்கறது? சிரின்னா அது சிரிக்குமா?"

"நீங்க சிரிக்கச் சொல்ற மனுஷங்க மட்டும் சிரிச்சிடறாங்களா? இதுங்க ஆடாம அசையாமயாவது உக்காரும். அந்தப் பழைய கேமராவைக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

பழைய கேமராவில் பேட்டரி மூடி மூடாது. ரப்பர் பேண்டு போட்டு இறுக்க வேண்டும். அதை அவளிடம் தள்ளிவிட்டதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் நாள் ஒரு கெட்டிலை மேஜைமேல் வைத்து எடுத்தாள். படத்தைப் பார்த்தால் கெட்டிலின் வயிற்றுக்குள் அவளே நின்றிருந்தாள். வாயில் ஹேர்பின், வீங்கின மூக்கு, பின்னால் கொடியில் காய்ந்த துணி. இந்தப் பக்கம் நகர்ந்து எடுத்தாள். கெட்டில் அவளைத் தேடிப் பிடித்தது. அந்தப் பக்கம் போய் எடுத்தாள், அங்கேயும் பிடித்தது. மேஜைக்கடியில் குனிந்து கையை மட்டும் நீட்டி எடுத்தாள். கெட்டிலுக்குள் ஒரு கை மட்டும் பேய்ப்படம் மாதிரி தெரிந்தது.

"எங்க மாமியார்கூட இப்படிக் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு என்னைத் தேடினதில்லையே!" என்று கெட்டிலைத் திட்டினாள்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தாள். சுவரோரம் கவிழ்த்த டம்ளரில் வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது. தொட்டிப் பக்கம் வைத்த டம்ளரில் குழாய், ஜன்னல், அவள், அவள் கையிலிருந்த நார் எல்லாம் இருந்தது. எவர்சில்வருக்கென்று சொந்தமாக முகம் கிடையாது, எதிரில் நிற்பதை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான் என்று புரிந்துவிட்டது. அப்படியானால் எதிரில் எதை நிறுத்துகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

வெள்ளை மெத்தை விரிப்பு இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கூடாரம் போட்டாள். பாத்திரம் உள்ளே, அவள் வெளியே. லென்ஸ் மூக்கை நுழைக்க ஒரு கீறல், அது கிழிந்துகொண்டு போகாமலிருக்கப் பொத்தான் துளைக்குப் போடுகிற தையல். ஜன்னல் வெளிச்சம் துணி வழியாக வடிந்து உள்ளே போனது. உள்ளே வெறும் வெள்ளை இருந்தால் பாத்திரம் சுண்ணாம்பு பூசின மாதிரி செத்துப் போனது. இரண்டு பக்கமும் கறுப்பு அட்டைப் பட்டை நிறுத்தினாள். பாத்திரத்துக்குக் கண்ணுக்கு மை இட்டாற்போல ஓரம் எழுந்து நின்றது. அப்படியும் அடம்பிடிக்கிற பாத்திரத்துக்கு முகப்பவுடரைத் துணியில் தொட்டு லேசாக ஒற்றிவிடுவாள். பளபளப்பு கொஞ்சம் அடங்கும்.

இப்படியே பல புத்தகங்கள் வந்தன. தொழிற்சாலையிலிருந்து யாராவது வந்து, "சார், படமெல்லாம் பிரமாதம்" என்பார்கள். மெகாபிக்சல் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாம் கேமரா பண்ற வேலைங்க" என்பார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து "ம்க்கும்" என்று ஒரு சத்தம் வரும்.

அவர் தான் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். புருஷன்தானே, போகட்டும். கேமரா எடுத்தது என்கிறாரே, அதுதான் அவளுக்கு ஆறாது. ஆனாலும் சண்டைக்குப் போகவில்லை. சமையலும் துணியும் பாத்திரமும் எல்லா வீட்டிலும் எல்லாரும் செய்கிற வேலை. ஜன்னலோரத்தில் ஒரு கெட்டிலை ராணி மாதிரி உட்கார வைப்பது, அந்த வட்டாரத்தில் தனக்கு மட்டும் தெரிந்த வேலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது போதும் என்று இருந்தாள்.

இருக்கவிடவில்லை.

தொழிற்சாலையின் பழைய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு மகளிடம் பொறுப்பைக் கொடுத்தார். புது முதலாளியம்மா சுறுசுறுப்பு. தொழிற்சாலை வாசலிலேயே பெரிய விற்பனைக்கூடம் திறக்கப் போவதாகவும், நுழைவில் ஆள் உயரத்துக்கு ஒரு படப்பலகை வைக்கப் போவதாகவும் ஸ்டூடியோவுக்கு வந்து சொன்னாள்.

"எல்லாப் பாத்திரமும் சேர்ந்து நிக்கணும் சார். 'முகம் பாக்கற பளபளப்பு'ன்னுதான் எங்க விளம்பரமே. அது பலகைல தெரியணும். இந்த ஒரு படம் நல்லா வந்தா இனிமே எங்க எல்லா வேலையும் உங்களுக்கு. சரியா வரலன்னா வெளியூர்க் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். அவங்க லைட்டு, கேமரா எல்லாத்தையும் வேன்லயே வச்சிருக்காங்க."

திரைச்சீலைக்குப் பின்னால் பளிச்சக்காவின் கை ஈரத்தோடு அப்படியே நின்றது. எல்லா வேலையும் போய்விடும் என்றால், அந்த ஜன்னல், மேஜை, கூடாரம் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது தொட்டி மட்டும்.

முதலாளியம்மா போனதும் வெளியே வந்தாள். அதற்குள் மெகாபிக்சல் அலமாரியைத் திறந்துவிட்டிருந்தார்.

"இதுக்கு நான்தான் போகணும். ஆள் உயரப் படத்துக்கு உன் ரப்பர் பேண்டு தாங்காது."

"ஏங்க, எவர்சில்வர் உங்க மாப்பிள்ளைங்க மாதிரி இல்ல. கண்ணை மூடாது. உங்களையே பாத்துக்கிட்டு இருக்கும். கூடாரத்தையாவது எடுத்துட்டுப் போங்க."

"இவ்வளவு பெரிய கேமராவை வச்சுக்கிட்டு மெத்தை விரிப்பைத் தூக்கிக்கிட்டுப் போறதா? சிரிக்க மாட்டாங்க?"

போனார். எடுத்தார். வந்தார். இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தேய்த்துத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால் "கலர் சரி பண்றேன்" என்றார்.

சேதி நாத்தனார் வழியாகத்தான் வந்தது. மெகாபிக்சலின் தங்கையான அவள், அந்தத் தொழிற்சாலையில் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கும் பகுதியில் வேலை பார்ப்பவள். மூச்சிறைக்க ஓடிவந்தாள்.

"அண்ணி, அண்ணி! படத்தைப் பெருசாப் போட்டுட்டாங்க!"

"பாத்திரம் எப்படி இருக்கு?"

"பாத்திரத்தை யாரு பாத்தா? கெட்டில்ல அண்ணன் நிக்கறாரு. வாளில அண்ணன் நிக்கறாரு. குக்கர்ல அண்ணனுக்கு வயிறு இந்தா இவ்வளவு. கரண்டிக் குழிக்குள்ள மட்டும் தலைகீழா நிக்கறாரு. அவ்வளவு சுத்தமா இருக்கு அண்ணி! சட்டைல ஒரு பொத்தான் விட்டுப் போயிருக்கே, அதுகூடத் தெரியுது!"

"நான் தைச்சுத் தரேன்னு சொன்னேன், கேட்டாரா?" என்று பளிச்சக்கா தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

"நாலஞ்சு இடத்துல அண்ணன் தன்னையே அழிச்சுப் பாத்திருக்காரு போல. அழிச்ச இடமெல்லாம் பாத்திரத்துக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. முதலாளியம்மா பாத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'நாம பாத்திரம் விக்கப் போறோமா, இவரை விக்கப் போறோமா?'ன்னு கேட்டுட்டாங்க."

நாத்தனாருக்கு அண்ணன்மேல் உயிர். ஆனாலும் சிரிப்பு அவளை மீறிக்கொண்டு வந்தது. பளிச்சக்காவும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது மெகாபிக்சல் வாசலில் நின்றிருந்தார். முகம் அலம்பிவிட்ட தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது.

"சிரிங்க, சிரிங்க. நீ போய் எடுத்துக் காட்டு பாக்கலாம்."

"காட்டறேன்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு அந்த நிமிஷமே கிளம்பிவிட்டாள்.

முதலாளியம்மா அப்போது பாலிஷ் பகுதியில் நின்றிருந்தாள். பக்கத்தில் பாலிஷ் மாஸ்டர். அவர் தேய்த்தால் எவர்சில்வர் கண்ணாடியாகும். காலையில் முகம் மழிப்பதும் தலை வாருவதும் ஒரு வாளியைப் பார்த்துத்தான் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பளிச்சக்கா நேராகப் போய் நின்றாள்.

"அம்மா, இத்தனை வருஷமா உங்க புஸ்தகத்துல வந்த படம் அத்தனையும் நான் எடுத்தது. எங்க வீட்டுக்காரர் எடுத்தது இந்த ஒண்ணுதான்."

முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா? யாருமே சொல்லலையே?"

"யாருமே கேக்கலையேம்மா."

பாலிஷ் மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார். "ஓ! அப்ப பவுடர் பூசறது நீங்கதானா? படம் எடுத்துத் திரும்பி வர பாத்திரமெல்லாம் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி மணக்குமே! ராப்பகலா நான் பளபளப்பு ஏத்தறேன், நீங்க மாவைப் பூசி இறக்கறீங்களா?"

"மாஸ்டர், நீங்க ஏத்தற பளபளப்புல என் மூக்கு வருது. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மூக்கை வீட்டுல விட்டுட்டு வாங்க."

முதலாளியம்மா சிரித்துவிட்டாள். "சரிம்மா. ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஆனா பவுடர் கூடாது. பளபளப்பும் தெரியணும், ஆளும் தெரியக் கூடாது. வெளியூர்க்காரங்க வரதுக்குள்ள முடிச்சிடுங்க."

பெட்டி அடுக்கும் கூடத்து ஜன்னலோரத்தில் பளிச்சக்கா கூடாரம் போட்டாள். பவுடர் இல்லாமல், வெறும் துணியையும் கறுப்பு அட்டையையும் வைத்துக்கொண்டு, ரப்பர் பேண்டு கேமராவில் எடுத்தாள். சின்னத் திரையில் பார்த்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். ஒரு பாத்திரத்திலும் ஆள் இல்லை. பக்கவாட்டில் நீளமாக ஒரு வெளிச்சக் கோடு வழிந்து இறங்கியது. மாஸ்டரே "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வருவது மலை இறங்கி வருகிற மாதிரி.

ஆள் உயரத்துக்கு அச்சாகி வந்ததும் கதை மாறிப்போனது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. பக்கத்தில் போகப் போகப் பாத்திரமெல்லாம் சொரசொரப்பாகி, ரவை ஒட்டினாற்போல் புள்ளி புள்ளியாக வந்தது.

மாஸ்டர் பலகைமேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "என் பாத்திரத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்றார். இந்த முறை கேலி இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

முதலாளியம்மா மெதுவாகச் சொன்னாள்: "எடுத்த விதம் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா வாசல்ல வைக்கற பலகை. எல்லாரும் பக்கத்துல வந்துதான் பாப்பாங்க. நாளன்னைக்கு வெளியூர்க்காரங்க வராங்க."

வீட்டுக்கு வந்து தொட்டி முன்னால் நின்றாள். கழுவ ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றாள். தன் கூடாரத்தில் குற்றமில்லை, அட்டையில் குற்றமில்லை, கண்ணில் குற்றமில்லை. குற்றம் ரப்பர் பேண்டில். அதைத் தனக்குத் தானே ஒத்துக்கொள்வதுகூடச் சுலபமாக இருந்தது. அலமாரிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிற ஆளிடம் போய்ச் சொல்வதுதான் சுலபமாக இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தத்திலேயே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். இருவரையும் பார்த்தாள். நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தாம்மா" என்றாள் பளிச்சக்கா, புருஷனைப் பார்க்காமல், "உங்க அண்ணனோட கேமரா ஒரு நாளைக்கு வேணும்னு கேளு."

"அண்ணே, அண்ணி கேமரா வேணுங்கறாங்க."

"காது கேக்குது. எதுக்குன்னு கேளு. அதுலதான் பாத்திரமெல்லாம் நானா வந்துச்சே."

"அது கேமராவோட தப்பு இல்லைன்னு சொல்லு. கேமரா நல்ல கேமராதான். எதிர்ல இருந்ததை ஒளிவு மறைவு இல்லாம எடுத்துச்சு."

மெகாபிக்சல் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தங்கையிடமே சொன்னார், குரல் மட்டும் இறங்கியிருந்தது: "இவ எடுத்த பலகையை நான் மத்தியானம் போய்ப் பாத்தேன். கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். அங்கேருந்து அந்தக் கெட்டிலைக் கையை நீட்டி எடுத்துடலாம் போல இருந்துச்சு. நானும் இவ்வளவு வருஷமா படம் புடிக்கறேன், என் படத்துல எதையும் அப்படி எடுக்கத் தோணினதில்ல. இதைச் சொல்லு."

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அதை எப்படித் திருப்பிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். பையைக் கொண்டுவந்து மரமேஜைமேல் வைத்தார்.

"தூசி படாம பாத்துக்கச் சொல்லு."

"நான் என்ன அதை வச்சு வீடா பெருக்கப் போறேன்? கேளு."

"ஐயோ, நான் வீட்டுக்குப் போறேன். இனிமே நீங்களே பேசிக்குங்க" என்று நாத்தனார் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வெயில் தொழிற்சாலைக் கூடத்து ஜன்னலுக்கு வரும்போது கூடாரம் தயாராக இருந்தது. கீறலைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. புது லென்ஸ் வாளி அடிபோல அகலம். அதை உள்ளே நுழைத்துப் பார்த்தாள் பளிச்சக்கா. ரப்பர் பேண்டு கேமரா பாத்திரங்களில் எள் அளவுக்குத்தான் தெரியும். இது ஒவ்வொரு பாத்திரத்தின் வயிற்றிலும் பெரிய கறுப்புப் பொட்டாக உட்கார்ந்தது. ஆள் போய் கேமரா வந்துவிட்டது.

"அழிச்சிடலாமா?" என்று மெகாபிக்சல் மெல்லக் கேட்டார்.

"பிளாஸ்திரி வேணாம்."

பாத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தாள். குக்கரின் பொட்டுக்கு முன்னால் கெட்டிலின் மூக்கு. கெட்டிலின் பொட்டுக்கு முன்னால் டம்ளர் அடுக்கு. வாளியின் பொட்டை ஒரு கரண்டிக் காம்பு மறைத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தட்டையான மூடியை லேசாக மல்லாத்திச் சாய்த்தாள். அது கூடாரத்தின் கூரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. விரல்நுனி அகலம் நகர்த்துவாள், வெளியே ஓடிவந்து பார்ப்பாள், மறுபடி உள்ளே போவாள்.

பாலிஷ் மாஸ்டர் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "என்னம்மா, பாத்திரத்துக்குப் பாத்திரம் முட்டுக்குடுத்து வைக்கறீங்க?"

"குடும்பத்துப் போட்டோ மாஸ்டர். ஒருத்தர் குறையை ஒருத்தர் மறைச்சு நின்னாத்தான் வெளிய பாக்க நல்லா இருக்கும்."

மாஸ்டர் மெகாபிக்சலைப் பார்த்தார். மெகாபிக்சல் கூரையைப் பார்த்தார்.

கடைசியாக ஒருமுறை கேமராவின் திரையில் பார்த்தபோது மெகாபிக்சலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. "இரு. முன்னாடி மூடி தெளிவா இருக்கு, பின்னாடி வாளி மசங்குது. லென்ஸோட துவாரத்தைச் சின்னது பண்ணினா ரெண்டும் ஒண்ணா தெளியும். வெளிச்சம் கம்மியாகும், அதனால ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். உன் கை பட்டா ஆடிடும். டைமர் வச்சிடறேன், நீ தொடாதே."

வழக்கமாகத் "தொடாதே" என்ற வார்த்தைக்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு, "அது எனக்குத் தெரியாதுங்க. வையுங்க" என்றாள்.

கூடத்தில் பெட்டி அடுக்குகிறவர்களை எல்லாம் அசையாமல் நிற்கச் சொன்னாள் நாத்தனார். தரை அதிர்ந்தால் படம் ஆடும் என்று அண்ணன் சொன்னதை அவள் கட்டளையாக மாற்றிக்கொண்டாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கேமரா ஒரு தடவை கண்ணைத் திறந்து, நிதானமாகப் பார்த்து, மூடியது.

பலகை அன்று மாலையே அச்சாகி வந்தது. வாசலில் நிறுத்தினார்கள். முதலாளியம்மா தூரத்திலிருந்து பார்த்தாள், பக்கத்தில் போய்ப் பார்த்தாள், மறுபடி தூரம் போனாள். பாலிஷ் மாஸ்டர்தான் நேராகப் பலகை முன்னால் போய் நின்றார். வாளிக்கு எதிரே குனிந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துவிட்டார். அப்புறம்தான் திகைத்தார்.

"முகம் தெரியலையே!"

"மாஸ்டர், அது காகிதம்!" என்று நாத்தனார் கத்தினாள். கூடமே சிரிப்பில் குலுங்கியது. மாஸ்டர் சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெட்கத்தை மறைக்க இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. ஓரங்கள் கத்தி வெட்டினாற்போல் இருந்தன. தன் பளபளப்பைத் தானே முதல் தடவை பார்க்கிறவர்போல நின்றார்.

முதலாளியம்மா பழக்க தோஷத்தில் மெகாபிக்சல் பக்கம் திரும்பினாள். "சார், அடுத்து கண்ணாடி மூடி போட்ட செட்டு வருது. இந்த வருஷம் எல்லாமே நீங்கதான். எப்ப ஆரம்பிக்கலாம்?"

"என்னை ஏம்மா கேக்கறீங்க? நான் எடுத்தா அதுல நான்தான் இருப்பேன்" என்றார் மெகாபிக்சல். "படம் எடுக்கறவ அங்க நிக்கறா, அவகிட்ட கேளுங்க."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பளிச்சக்காவுக்குக் காது சூடானது. ஆனால் வாய் கெட்டுப்போகவில்லை.

"எடுக்கலாம்மா. ஆனா இந்த ஜன்னலோரம் எனக்கு வேணும். யாரும் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது. அப்புறம், நாளைக்கு அந்த வேன்காரங்க வந்தா வெறுங்கையா அனுப்பாதீங்க. பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து லைட்டையெல்லாம் ஏத்திக்கிட்டு வராங்க. ஒரு டீயாவது குடுங்க."

மறுநாள் டீ கொடுத்தார்கள். வேனில் வந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பலகை முன்னால் நெடுநேரம் நின்றார். நல்ல மனுஷர், வேலை போன கடுப்பைவிட ஆச்சரியம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது. பக்கத்தில் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற மெகாபிக்சலிடம் திரும்பினார்.

"சார், இது எந்தக் கேமராவுல எடுத்தது?"

இந்த ஒரு கேள்விக்காக அந்த மனிதர் வாழ்நாள் பூராவும் காத்திருந்தார். டீக்கடையில் கேட்காதவர்களிடமெல்லாம் பதில் சொன்னவர். கம்பெனி பெயர், லென்ஸ் நம்பர், உள்ளே எத்தனை கண்ணாடி, எல்லாம் நாக்கு நுனிக்கு ஓடிவந்து வரிசையில் நின்றன. வாயைத் திறந்தார்.

"அது என் வீட்டுக்காரி எடுத்தது சார்."

"இல்ல சார், கேமரா…"

"அதான் சொல்றேனே. அவ எடுத்தது. அதுக்குள்ள அவ எங்க இருக்கான்னு கண்டுபிடிங்க பாக்கலாம். மூக்கு நுனியாவது காட்டுங்க. முடியாது சார்! யாராலயும் முடியாது!"

ஜன்னலோரத்தில், கூடாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கண்ணாடி மூடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பளிச்சக்காவுக்கு இது காதில் விழுந்தது. அவள் உடனே வெளியே வரவில்லை. மெத்தை விரிப்புக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கேமரா பேரையும் சொல்லிடுங்க! அவரும் ஆசையா கேக்கறாரு. சொல்லாம விட்டா உங்களுக்கும் சோறு இறங்காது."

அவர் சொன்னார். கம்பெனியில் ஆரம்பித்து, லென்ஸுக்குப் போய், கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, இருட்டில் எவ்வளவு தூரம் தெரியும் என்பதுவரை சொன்னார். வேன்காரர் டீயை ஊதிக்கொண்டே தலையாட்டினார்.

"போதுங்க, வெளிச்சம் போகுது" என்றது கூடாரம். "வந்து டைமரை வையுங்க."

"இதோ வரேன்" என்று மெகாபிக்சல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.